பனியன் நம்பர் வேறு, பிரா நம்பர் வேறு: கேள்வி-பதில்

கைனகோமாஸ்டியா, அதாவது ஆண்களுக்கு மார்புச் சுரப்பி வளர்ந்து மார்பு பெரிதாவது, உள்ளவர்களுக்குப் பொருந்தும் பிரா பற்றிப் போன தடவை நாலு வரி எழுதியதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள், அதனால் யாருக்குமே போடவில்லை. முக்கால்வாசிப் பேர் அளவையே எழுதவில்லை. அந்தக் கோபம் சில பதில்களில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கம்பி வைத்த பிரா போடலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கம்பியின் வளைவு பெண் உடலுக்கு வளைத்தது. ஆண்களுக்கு மார்பு தட்டையாக, பக்கவாட்டில் பரந்து இருக்கும். கம்பியின் முனை நேராக அக்குளில் போய்க் குத்தும்.

கேள்வி: நான் 95 பனியன் போடுகிறேன். என் பிரா சைஸ் என்ன?

பதில்: இதே கேள்வியை ஒன்பது பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர்கூட இன்ச் டேப்பைத் தொடவில்லை.

திருப்பூரில் இருபது வருடத்துக்கு மேல் கட்டிங் டேபிளில் நின்றவன் சொல்கிறேன். பனியனில் போட்டிருக்கும் 85, 90, 95 என்பதெல்லாம் சென்டிமீட்டரில் மார்புச் சுற்றளவு. அதுவும் தோராயம்தான். ரிப் துணி இழுத்தால் வரும், அதனால் 90 போட வேண்டியவர் 95 போட்டாலும் வெளியே தெரியாது. பிராவில் இருக்கும் 36, 38 என்பது மார்புக்குக் கீழே ஓடும் பட்டியின் எண். 95-ஐ இஞ்சாக மாற்றினால் 37 சொச்சம் வருகிறதே என்று 38 வாங்கிவிட்டு, 'மேலே ஏறுகிறது, கப் காலியாக நிற்கிறது' என்று எழுதுகிறீர்கள். ஏறாமல் என்ன செய்யும்?

சட்டையைக் கழற்றுங்கள். பனியனையும்தான். கண்ணாடி முன் நின்று, மூச்சைச் சாதாரணமாக விட்டபின், மார்புக்குச் சரியாகக் கீழே டேப்பைச் சுற்றுங்கள். டேப் முதுகில் இறங்காமல் தரைக்குச் சமமாக ஓட வேண்டும். கொஞ்சம் இறுக்கமாகவே பிடியுங்கள். இது முதல் அளவு. அடுத்து, காம்புக்கு நேராக, இறுக்காமல் ஒரு சுற்று. தொங்கல் இருந்தால் லேசாக முன்னால் குனிந்து எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 1 இஞ்ச் என்றால் ஏ கப், 2 என்றால் பி, 3 என்றால் சி. பெண்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரும். ஆண்களுக்கு முதுகும் அக்குள் பக்கமும் மேலே போகப் போக அகலம். மார்பே இல்லாத ஆணுக்கும் மேல் சுற்று கூடத்தான் வரும். அதனால் கணக்கில் வரும் கப்பில் ஒன்று குறைத்து முதலில் போட்டுப் பாருங்கள். கீழே 36, மேலே 38 என்றால் கணக்குப்படி 36பி. நான் 36ஏ-யை முதலில் கையில் கொடுப்பேன்.

இதில் இன்னொரு குழப்பம். சில கம்பெனி கீழ் அளவை அப்படியே பட்டி எண்ணாகப் போடும். சில கம்பெனி அதோடு நாலைந்து இஞ்ச் கூட்டிப் போடும். ஒருவரின் 36 இன்னொருவரின் 40. பெட்டிக்குப் பின்னால் அளவு அட்டவணை இருக்கும், தயவுசெய்து படியுங்கள். பட்டி இறுக்கமாக இருந்து கப் சரியாக இருந்தால், பட்டியில் ஒரு எண் ஏற்றி, கப்பில் ஒரு எழுத்து இறக்குங்கள். 38பி-யின் கப்பும் 40ஏ-யின் கப்பும் கொள்ளளவில் ஒன்றுதான்.

புதிதாக வாங்கும்போது கடைசி, அதாவது தளர்வான ஹூக்கில் சரியாக நிற்க வேண்டும். எலாஸ்டிக் இளகிய பிறகு உள் ஹூக்குக்குப் போகலாம். பட்டிக்குள் இரண்டு விரல் போக வேண்டும், மூன்று போகக் கூடாது.

கேள்வி: ஆபீசுக்கு இரண்டு சைஸ் சின்ன பனியன் போட்டு, அதன் மேல் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொள்கிறேன். சாயங்காலம் மூச்சு வாங்குகிறது.

பதில்: வாங்கத்தான் செய்யும். கிரேப் பேண்டேஜ் கால் சுளுக்குக்கு உள்ளது, விலா எலும்புக்கு இல்லை. இன்றே அவிழ்த்துப் போடுங்கள். தாங்குவது வேறு, அழுத்துவது வேறு. அழுத்துவதால் சுரப்பி கரையாது, வலியும் தோல் புண்ணும்தான் மிஞ்சும். கம்ப்ரஷன் பனியன் போட்டே ஆக வேண்டுமென்றால் உங்கள் சரியான சைஸிலேயே வாங்குங்கள். போட்டபின் ஆழமாக மூச்சிழுத்து ஒரு கொட்டாவி விட முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் அது உங்களுக்கானதில்லை.

கேள்வி: தூங்கும்போதும் போடலாமா?

பதில்: கழற்றிவிட்டுத் தூங்குங்கள்.

கேள்வி: வெள்ளைச் சட்டைக்குள் பிரா அப்படியே தெரிகிறது.

பதில்: வெள்ளை பிரா வாங்கியிருப்பீர்கள். வெள்ளைக்குள் வெள்ளை பளிச்சென்று தெரியும். உங்கள் தோல் நிறத்துக்கு நெருக்கமாக எடுங்கள். 'ஸ்கின் கலர்' என்று கடையில் நீட்டுவது பெரும்பாலும் சந்தன நிறம், நம்மில் பலருக்குக் காபி நிறம்தான் பொருந்தும். கப்பின் நடுவே தையல் ஓடாததாக, பஞ்சு வைக்காததாகப் பாருங்கள். மேலே முண்டா பனியன் போடாதீர்கள், தோளில் இரண்டு கோடு விழும். கை வைத்த பனியன் போட்டால் பிராவின் தோள் பட்டையின் கோடு அமுங்கிவிடும்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. மார்பு பெரிதாகிறது. பிரா வாங்கித் தரவா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த வயதில் பாதிக்கு மேற்பட்ட பையன்களுக்கு இப்படி வரும், பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானே வடியும். கொஞ்சம் கனமான துணியில் கை பனியன் போதும். ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மாமா சித்தப்பா உட்பட.

கேள்வி: வயது 68. புராஸ்டேட்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மார்பு வீங்கி, சட்டை உரசினாலே வலிக்கிறது. மாத்திரையை நிறுத்திவிடவா?

பதில்: ஐயா, நீங்களாக நிறுத்தவே கூடாது. புராஸ்டேட் மாத்திரை சிலவற்றுக்கு இது தெரிந்த பக்கவிளைவுதான், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொன்னால் அதற்கும் வழி செய்வார். அதுவரை மெல்லிய காட்டனில், உள்பக்கம் தையல் முடிச்சு இல்லாத, முன்னால் ஹூக் வைத்த மாடல் போடுங்கள். கையைப் பின்னால் வளைக்கும் சிரமமும் இருக்காது.

எல்லோருக்குமே சொல்கிறேன், முன்பும் சொன்னேன்: ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டி, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர், இதில் எது இருந்தாலும் கடைக்குப் போக வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும். மொத்த மார்பகப் புற்றில் நூற்றுக்கு ஒன்று அவர்களுடையது.

கேள்வி: மார்பு மடிப்புக்குக் கீழே வியர்த்துச் சிவந்து அரிக்கிறது. பவுடர் போடுகிறேன்.

பதில்: பவுடர் வியர்வையில் குழைந்து களியாகிவிடும். குளித்ததும் மடிப்பைத் தூக்கி ஒற்றித் துடைத்து, ஃபேன் காற்றில் இரண்டு நிமிடம் நில்லுங்கள். பழைய மல் வேட்டியில் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து பட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு, மதியம் ஒருமுறை மாற்றுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் நாலு மருந்து கலந்த கிரீமைத் தொடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் வாரம் அடங்கியதுபோல் இருந்து அடுத்த மாதம் இரண்டு மடங்காகப் பரவும். பட்டி இறுக்கமாக இருந்தாலும் இப்படி வரும். தாங்குவது வேறு, அழுத்துவது வேறு.

கேள்வி: தோளில் பிராவின் பட்டை ஒரே இழுப்பாக இழுத்துத் தடம் விழுகிறது.

பதில்: பட்டி தளர்வாக இருப்பதால் முழுப் பாரமும் தோளுக்குப் போகிறது. பட்டியைச் சரி செய்யுங்கள். அப்போதும் இழுத்தால் உங்கள் உடம்பு நீளம், பட்டை நீளம் போதவில்லை. அகலப் பட்டை ஸ்போர்ட்ஸ் பிராவுக்கு மாறுங்கள்.

கேள்வி: மார்பைக் குறைக்கும் ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. டாக்டர் தந்த கம்ப்ரஷன் ஜாக்கெட்டை நிறுத்திவிட்டு சாதாரண பிராவுக்கு மாறலாமா?

பதில்: பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் போடச் சொல்வார்கள். உங்கள் கணக்கை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ராத்திரியும் போடச் சொல்லியிருந்தால், மேலே தூக்கம் பற்றி நான் எழுதியது உங்களுக்கு இல்லை. வீக்கம் வடிந்ததும் அது தொளதொளத்துப் போகும், அப்போது சின்ன சைஸ் வேண்டுமா என்றும் அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: போட்டோ அனுப்பியிருக்கிறேன். பார்த்து சைஸ் சொல்லுங்கள்.

பதில்: போட்டோவை அழித்துவிட்டேன். இரண்டு அளவு எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: கடையில் போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: '38ஏ, கம்பி இல்லாதது, பஞ்சு இல்லாதது, காபி கலர்' என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். கவுன்டரில் நிற்கும் பெண் மனைவிக்கு என்று நினைத்து எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனிப்பார். 'ஒரு பிரா வேண்டும்' என்று இழுத்தால்தான் நாலு கேள்வி வரும்.

கேள்வி: மூன்று மாதத்தில் எலாஸ்டிக் போய்விட்டது. மட்டமான சரக்கா?

பதில்: ஒன்றையே தினமும் போட்டு, வாஷிங் மெஷினில் ஜீன்ஸோடு சேர்த்துச் சுற்றியிருப்பீர்கள். மூன்று வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் கையால் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் பட்டியை மடித்துக் காயப்போடுங்கள். பட்டையைப் பிடித்துத் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் அது நீண்டுவிடும்.