லிப்ஸ்டிக் விற்க ஆண் வரலாமா?

வேலை வழிகாட்டி: வாசகர் கேள்விகளுக்கு, அழகுசாதன விற்பனைப் பிரிவை நடத்தி ஓய்வுபெற்ற நம் பத்தியாளர் பதிலளிக்கிறார்.

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு வயது 22. பி.காம். முடித்துவிட்டு, மதுரையில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் ஓராண்டாக வேலை பார்க்கிறேன். அக்காவின் கல்யாணத்தில் தொடங்கி, சொந்தக்காரப் பெண்கள் பலருக்கும் மேக்கப் போட்டுவிடுவது நான்தான். சென்னையில் ஒரு மாலில் உள்ள அழகுசாதனக் கவுன்டருக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு நேரில் போனேன். "வழக்கமாகப் பெண்களைத்தான் எடுப்போம், நம்பரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்றார்கள். பிறகு அழைக்கவே இல்லை. ஆண் என்பதற்காக இந்த வேலை எனக்குக் கிடைக்கவே கிடைக்காதா? நேர்காணலுக்குக் கூப்பிட்டால் எப்படித் தயாராக வேண்டும்?
பெயர் வேண்டாம், மதுரை

பதில்: கிடைக்கும் தம்பி. ஆனால் நீங்கள் கேட்ட இடம் சரியில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய பல்பொருள் அங்காடிகளில் வரிசையாக இருக்கும் அழகுசாதனக் கவுன்டர்களில் நிற்பவர்கள் பெரும்பாலும் அந்த அங்காடியின் ஊழியர்கள் அல்லர். அந்தந்தப் பிராண்டின் ஊழியர்கள், அல்லது அந்தப் பிராண்டுக்காக ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சியின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். ஆகவே கவுன்டரில் நிற்கும் பெண்ணிடமோ அங்காடியின் அலுவலகத்திலோ எண்ணைக் கொடுத்துவிட்டு வருவதால் பயனில்லை. பிராண்டின் வட்டார மேலாளர் யார், அவர் எந்த நாளில் கடைக்கு வருவார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவரைப் பார்க்க வேண்டும். பல பிராண்டுகளை ஒரே கூரையின் கீழ் விற்கும் அழகுசாதனக் கடைகள் நேரடியாகவே ஆள் எடுப்பதால், அங்கும் விண்ணப்பம் கொடுத்து வையுங்கள். வாசனைத் திரவியக் கவுன்டரில் ஆண்களை எடுப்பது ஏற்கெனவே பழகிப்போன ஒன்று. அங்கே சேர்ந்து ஆறு மாதம் நல்ல விற்பனை காட்டி, பக்கத்து மேக்கப் கவுன்டருக்கு மாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைக் கௌரவக் குறைவாக நினைக்க வேண்டாம்.

பெண்களுக்கான பொருளை ஆண் விற்பது நம் ஊருக்குப் புதிதா என்ன? நீங்களே தினமும் ஒரு சேலையையாவது உங்கள் தோளில் போட்டு, முந்தானையை விரித்துக் காட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள். எதிரே அமர்ந்திருக்கும் ஐந்து பெண்களில் ஒருவர்கூட அதை விசித்திரமாகப் பார்ப்பதில்லை. திருவிழாக் கடைகளில் வளையல்காரர் பெண்ணின் கையைக் குவித்துப் பிடித்து, உடையாமல் வளையலை ஏற்றுவதைத் தாயும் மாமியாரும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். சொக்கநாதரே வளையல் செட்டியாராக வந்து வளையல் விற்ற கதையை ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் நடத்திப் பார்க்கும் ஊர்க்காரரான உங்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. மேக்கப்பை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். இந்தித் திரையுலகில் ஒப்பனைக் கலைஞராகப் பெண்களைச் சேர்க்க மறுத்து, அவர்களைச் சிகையலங்காரத்தோடு நிறுத்திவைத்திருந்த தொழிற்சங்க விதியை உச்ச நீதிமன்றம் 2014 நவம்பரில்தான் செல்லாது என்றது. சினிமாவில் ஆண் வேலை, கவுன்டரில் பெண் வேலை என்றால், இந்தப் பிரிவினை தொழிலின் இயல்பிலிருந்து வந்ததல்ல என்பது விளங்குகிறது அல்லவா? இன்று பல நாடுகளில் கவுன்டர் வைத்திருக்கும் மேக் (MAC) அழகுசாதன நிறுவனத்தைக் கனடாவின் டொராண்டோவில் 1984-இல் தொடங்கிய பிராங்க் டோஸ்கன், பிராங்க் ஏஞ்சலோ இருவரும் ஆண்களே. அவர்களும் நிறுவனத்தை ஓர் அங்காடியின் ஒற்றைக் கவுன்டரில்தான் தொடங்கினார்கள்.

அப்படியானால் மேலாளர்கள் ஏன் தயங்குகிறார்கள்? அந்த நாற்காலியில் பல ஆண்டுகள் இருந்தவள் என்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன்: தயக்கம் உங்கள் திறமையைப் பற்றியது அன்று, உங்கள் கையைப் பற்றியது. முன்பின் தெரியாத ஓர் ஆண் தன் முகத்தைத் தொடுவதை வாடிக்கையாளர் விரும்புவாரா, ஏதாவது புகார் வந்துவிடுமா என்பதுதான் எங்கள் மனத்தில் ஓடும். வாய்விட்டுச் சொல்லத்தான் மாட்டோம். ஒரு முறை ஆறு இளைஞர்களை நேர்காணலுக்கு அழைத்து, என் புறங்கையில் ஒரு லிப்ஸ்டிக்கின் நிறத்தைப் போட்டுக் காட்டச் சொன்னேன். ஐந்து பேர் சட்டென்று என் கையைப் பிடித்தார்கள். ஆறாமவர், "கையை மேசைமேல் வைத்துக்கொள்கிறீர்களா மேடம்?" என்று கேட்டு, நான் வைக்கும்வரை காத்திருந்து, பஞ்சுக்குச்சியால் மட்டும் தொட்டு ஒரு கோடு இழுத்தார். அந்த ஐவரில் அவரைவிட அழகாக மேக்கப் போடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். வேலையை அவருக்குத்தான் கொடுத்தோம்.

எனவே நேர்காணலில் அவர்கள் கேட்காத அந்தக் கேள்விக்கு உங்கள் செய்கையாலேயே பதில் சொல்லிவிடுங்கள். எதைக் காட்டுவதானாலும் முதலில் உங்கள் கையில் காட்டுங்கள். அடுத்து, கண்ணாடியை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி, அவரே போட்டுப் பார்க்கும்படி பொருளைக் கொடுத்து, எங்கே தொடங்குவது என்பதை மட்டும் சொல்லுங்கள். அவராகக் கேட்டால் மட்டுமே, "போட்டுவிடட்டுமா?" என்று அனுமதி பெற்று, விரலை விடுத்துப் பிரஷ்ஷைப் பயன்படுத்துங்கள். அவர் தயங்குவது தெரிந்தால், முகம் சுளிக்காமல் பக்கத்திலுள்ள பெண் ஊழியரை அழைத்து ஒப்படைத்துவிட வேண்டும். "அப்படி நேர்ந்தால் என்ன செய்வீர்கள்?" என்று நேர்காணலில் நிச்சயம் கேட்பார்கள், அந்த விற்பனை யார் பெயரில் பில்லாகும் என்று கவலைப்படுகிறவராக அப்போது நீங்கள் தெரியக் கூடாது.

இனித் தொழில். முகத்துக்கு அடிப்பூச்சாகப் போடும் பவுண்டேஷனின் ஷேடைப் புறங்கையில் பார்த்து முடிவு செய்கிறவர் உடனே மாட்டிக்கொள்வார், ஏனெனில் வெயில்படும் கையின் நிறமும் முகத்தின் நிறமும் ஒன்றல்ல. தாடை ஓரத்தில், கழுத்தை ஒட்டி, அடுத்தடுத்த மூன்று ஷேடுகளைக் கோடாக இட்டு, எது தோலோடு கலந்து காணாமல் போகிறதோ அதை எடுக்க வேண்டும். சில வகைகள் காய்ந்த பிறகு ஒரு சாயல் கறுக்கும். ஆகையால் சில நிமிடம் பொறுத்து, மாலின் மஞ்சள் விளக்கை நம்பாமல், வாசல் பக்கம் பகல் வெளிச்சத்தில் பார்க்கும்படி அவரை அனுப்புங்கள். பொருளை வாங்காமல் அப்படியே போய்விடுவாரோ என்ற பயம் வேண்டாம், பெரும்பாலோர் திரும்பி வருவார்கள். வாடிக்கையாளர்கள் நிறம் பார்ப்பதற்காக வைத்திருக்கும் டெஸ்டர் லிப்ஸ்டிக்கை எவர் உதட்டிலும் நேராக வைக்கக் கூடாது. மேற்பரப்பைத் துடைத்து, ஆல்கஹால் தெளித்து, ஒருமுறை பயன்படுத்தும் குச்சியால் எடுத்துத்தான் தர வேண்டும். மஸ்காரா டெஸ்டரின் பிரஷ்ஷை ஒருவர் கண்ணிலிருந்து இன்னொருவர் கண்ணுக்குக் கொண்டுபோகிறவரை நான் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். டப்பாவின் அடியில் மூடி திறந்த சிறு ஜாடிப் படமும் அதனுள் 12 என்ற எண்ணும் 'எம்' என்ற எழுத்தும் இருந்தால், திறந்த பின் பன்னிரண்டு மாதம்வரை பயன்படுத்தலாம் என்று பொருள். இதுபோன்ற சிறு விவரங்களை நேர்காணலில் சொல்லுங்கள், அவை பேசும்.

எல்லாவற்றையும்விட, நம் மாநிறப் பெண்களிடம் "இதைப் போட்டால் கலராகத் தெரிவீர்கள்" என்று சொல்லி விற்காதீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் பலர் உங்கள் கவுன்டருக்கு வருகிறார்கள். அவர்களுடைய நிறத்துக்கேற்ற ஷேடு உங்களிடம் இல்லையென்றால், இல்லை என்று சொல்லிவிடுங்கள். லேபிளே இல்லாத, முகத்தை வெளுப்பாக்கும் கிரீம் ஒன்றைக் காட்டி யாராவது கருத்துக் கேட்டால், தயாரிப்பாளரின் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி ஆகியவை இல்லாத எதையும் முகத்தில் போட வேண்டாம் என்று சொல்லும் தைரியம் வேண்டும். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி, கண்ணைச் சுற்றிப் பயன்படுத்துபவை நீங்கலாக மற்றவற்றில் தற்செயலாகக் கலக்கும் பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. பெயரில்லாத டப்பாவில் அது எவ்வளவு இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

விண்ணப்பத்தில் சேலைப் பிரிவு அனுபவத்தை முதலில் எழுதுங்கள், சொந்தக்காரப் பெண்களுக்கு மேக்கப் போட்டது அதற்கு அடுத்துதான். முகூர்த்த மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பில் போட்டீர்கள், ஒரு குடும்பத்தின் ஐந்து பேரும் ஐந்து கருத்துச் சொல்லும்போது எப்படி முடித்துவைத்தீர்கள் என்பவைதாம் எங்களுக்கு வேண்டியவை. பிராண்டே பயிற்சி தரும் என்பதால், லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஒப்பனைப் படிப்பு இந்த வேலைக்குத் தேவையில்லை. வேலை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்கும் ஏஜென்சியை விட்டு அந்த இடத்திலேயே விலகிவிடுங்கள். 2019-இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு, ஒரே மாதிரியான வேலைக்கு ஆள் எடுப்பதில் பாலினப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அது தெரிந்திருக்கட்டும், ஆனால் நேர்காணலை அதைச் சொல்லித் தொடங்காதீர்கள்.

கேள்வி: என் மகனுக்குச் சென்னையில் அழகுசாதனக் கவுன்டர் ஒன்றில் வேலை உறுதியாகியுள்ளது. சொந்தக்காரர்கள் கேலி செய்வது ஒருபுறம் இருக்கட்டும். சேருமுன் அவன் எவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?
ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்: கேலியை நீங்களே ஒருபுறம் வைத்துவிட்டது நல்லது. சம்பளக் கடிதத்தில் யார் பெயர் இருக்கிறது, பிராண்டா ஏஜென்சியா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நிலையான சம்பளம் எவ்வளவு, டார்கெட்டை எட்டினால் வரும் இன்சென்டிவ் எவ்வளவு என்பதைத் தனித்தனியே எழுத்தில் வாங்க வேண்டும். இரண்டையும் கூட்டிச் சொல்லும் தொகையை நம்பிச் சென்னையில் வாடகைக்கு வீடு பார்த்தால், விற்பனை குறைந்து இன்சென்டிவ் வராத ஆடி மாதத்தில் கஷ்டப்படுவார். வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிக்கிறார்களா, மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உண்டா என்றும் கேட்க வேண்டும். தீபாவளி, பொங்கல் விற்பனை நாட்களிலும் சனி ஞாயிறுகளிலும் விடுப்பு கிடைக்காது என்பதை வீட்டிலுள்ளவர்கள் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நாள் முழுக்க நிற்கிற வேலை இது. கடை ஊழியர்கள் அமர்வதற்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. கவுன்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலாவது இருக்கிறதா என்று சேருகிற அன்றே எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கோவையில் சிறிய அழகுசாதனக் கடை நடத்துகிறேன். ஓர் இளைஞர் வேலை கேட்டு வந்தார், நன்றாகப் பேசுகிறார். எடுத்தால் பெண் வாடிக்கையாளர்கள் வராமல் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
கடை உரிமையாளர், கோயம்புத்தூர்

பதில்: அவரைத் தனியாக நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான். ஒரு பெண் ஊழியரோடு ஒரே ஷிப்டில் போட்டால், யாரிடம் போவது என்பதை வாடிக்கையாளரே முடிவு செய்துகொள்வார். மனைவிக்குப் பரிசு வாங்க வந்து, எதையும் கேட்கக் கூச்சப்பட்டு வாசலோடு திரும்பிப் போகும் ஆண்கள் எத்தனை பேர் என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். அவர்களிடம் பேச அந்த இளைஞர் உங்களுக்கு உதவுவார். ஆனால் பெண் ஊழியர் விடுப்பு எடுக்கும் நாளில் கடையில் நீங்கள் இருந்தாக வேண்டும்.

கேள்வி: கவுன்டர் வேலைக்கான நேர்காணலுக்கு நானும் மேக்கப் போட்டுக்கொண்டு போக வேண்டுமா? தாடி வைத்திருக்கிறேன், எடுக்க வேண்டுமா?
கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: மேக்கப் உங்கள் விருப்பம், போட்டால் கழுத்தும் முகமும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும், அதை வைத்தே உங்களை எடைபோட்டுவிடுவோம். தாடியை ஒழுங்காக வெட்டிவிட்டால் போதும். நகத்தை மட்டும் முதல் நாள் இரவே வெட்டிவிடுங்கள்.