பிராண்டுக்கு கேம் செய்கிற வேலை: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

"பெரிய கம்பெனிகளுக்கு வெப்சைட்டும் கேமும் செய்கிறவர் நம்ம ஊரிலேயே இருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள்" என்று யாரோ குழுவில் போட்டுவிட்டார்கள். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. கோலாலம்பூரில் ஸ்டூடியோ வேலை பார்த்துவிட்டு இப்போது சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே அதே வேலையைச் செய்கிறேன். எந்தெந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்காதீர்கள், ஒப்பந்தம் வாயைக் கட்டிவிட்டது. மற்றதைச் சொல்கிறேன்.

லிந்தாங்கிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, பானம் விற்கிறவனுக்கு கேம் எதுக்கு?

டிவி விளம்பரம் வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறோம். கேம் என்றால் நாமே உட்கார்ந்து இரண்டு நிமிடம் அந்த டின்னையும் லோகோவையும் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் காசு. இது புதுசும் இல்லை தம்பி. 1983-லேயே கோக்க கோலா தன் விற்பனைக்காரர்கள் மாநாட்டுக்கு டிவியில் இணைத்து விளையாடும் அட்டாரி 2600 கருவியில் ஒரு கேம் செய்ய வைத்தது. வானத்திலிருந்து இறங்குகிற பெப்சி என்ற எழுத்துகளைச் சுட வேண்டும், அவ்வளவுதான். 125 பிரதிதான் போட்டார்கள்.

எனக்குப் பிடித்தது 2004-இல் பர்கர் கிங் போட்ட கோழித் தளம். கோழி வேடம் போட்ட ஒரு ஆள் அறைக்குள் நிற்பார். நீங்கள் "குதி", "படு" என்று தட்டச்சு செய்தால் செய்வார். நேரலை என்று பலர் நம்பினார்கள். உண்மையில் எல்லாம் முன்பே எடுத்து வைத்த வீடியோத் துண்டுகள். தட்டிய சொல்லுக்குப் பொருத்தமான துண்டு ஓடும். கிராபிக்ஸ் ஒன்றும் பெரிதாக இல்லை, யோசனைதான். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்: சைபர் கஃபேயில் மணிக்கணக்கில் கார்ட்டூன் சேனல் தளங்களில் கேம் விளையாடினோமே, அதெல்லாம் எங்கே போனது?

ஃபிளாஷோடு போய்விட்டது டீச்சர். 1996 கடைசியில் மேக்ரோமீடியா ஒரு சின்ன அனிமேஷன் மென்பொருளை வாங்கி அதற்கு ஃபிளாஷ் என்று பெயர் வைத்தது. பத்து வருடத்துக்கு மேல் பிராண்ட் கேம் என்றாலே ஃபிளாஷ்தான். 2005-இல் அது அடோபி கைக்குப் போனது. 2007-இல் வந்த ஐபோனில் ஃபிளாஷ் ஓடவில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் "ஏன் வேண்டாம்" என்று பகிரங்கமாகவே எழுதினார். அடோபி 2020 டிசம்பர் 31-ஓடு ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷை ஓட்டும் தன் பிளேயரிலேயே அது ஓடாமல் தடுத்துவிட்டது. ரஃபிள் என்ற இலவச மென்பொருள் பழைய ஃபிளாஷ் கோப்புகள் பலவற்றை இன்றைய பிரவுசரில் ஓட்டுகிறது. கோப்பு கையில் இருந்தால் முயன்று பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், ஃபிளாஷே இல்லாமல், வெப்பக்கம் எழுதும் அடிப்படை மொழியான வெறும் எச்டிஎம்எல்லில் வார்னர் பிரதர்ஸ் 1996-இல் ஒரு கூடைப்பந்துப் படத்துக்குப் போட்ட தளம் கால் நூற்றாண்டு தாண்டியும் அப்படியே திறந்தது.

ஈப்போ உங்கு ஓமார் பொலிடெக்னிக் மாணவர்: என்ன படிக்கணும்? யூனிட்டியா?

முதலில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்ற வெப் மொழிகள். அலுப்பாக இருந்தாலும் இதுதான் சோறு போடும். அப்புறம் இருபரிமாண கேமுக்கு ஃபேசர், முப்பரிமாணத்துக்கு த்ரீ.ஜேஎஸ். இரண்டும் இலவச நிரல் தொகுப்புகள். யூனிட்டி, கேம் செய்யும் மென்பொருள், நல்ல கருவிதான். ஆனால் அதை வெப்புக்கு ஏற்றுமதி செய்தால் கேம் தொடங்கும் முன்பே பல எம்பி இறங்க வேண்டும். பிரச்சார கேமுக்கு ஆள் வருவது வாட்ஸ்அப் இணைப்பைத் தட்டித்தான். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் மூடிவிட்டுப் போய்விடுவார்.

அதே மாணவர்: என் போனில் நன்றாக ஓடுகிறது, தங்கச்சி போனில் திக்கித் திணறுகிறது. ஏன்?

நல்ல கேள்வி. இந்த வேலையின் பாதி இதுதான்.

படத்தின் கோப்பு அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2048-க்கு 2048 பிக்சல் படம் ஒன்று பிஎன்ஜி கோப்பாக 300 கேபிதான் இருக்கலாம். ஆனால் திரையில் வரைய அது விரியும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட், ஆக 16 எம்பி. அப்படி ஐந்து படம் என்றால் 80 எம்பி. 4096 அளவு என்றால் ஒன்றே 64 எம்பி. உங்கள் போன் தாங்கும், தங்கச்சி போன் பிரவுசரையே மூடிவிடும். சின்னச் சின்னப் படங்களை ஒரே படக் கோப்பில் நெருக்கி அடுக்குங்கள், பின்னணியைப் பாதி அளவில் வரைந்து பெரிதாக்குங்கள். யாருக்கும் தெரியாது.

இன்னொன்று வேகம். ஒரு விநாடிக்கு 60 முறை திரை மாறும் என்று நம்பி "ஒவ்வொரு முறையும் 5 பிக்சல் நகர்த்து" என்று எழுதினால், விநாடிக்கு 120 முறை திரை மாறும் (120 ஹெர்ட்ஸ்) போனில் எல்லாம் இரட்டை வேகத்தில் பறக்கும். பரிசுப் போட்டியில் இது அநியாயம். கடைசியாக வரைந்ததிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, அதற்கேற்ப நகர்த்துங்கள்.

பிராண்ட் மேலாளர் புத்தம் புது ஐபோனில், ஆபீஸ் வைஃபையில் பார்த்து ஒப்புதல் கொடுப்பார். விளையாடப் போவது எல்பில் தோட்டத்தில் அப்பாவின் பழைய போனை வாங்கிக்கொண்டு, ஒரு கோடு சிக்னலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை. எனக்கு அந்தப் பிள்ளைதான் வாடிக்கையாளர். என் மேசையில் இருப்பதிலேயே மட்டமான போனில் முதலில் ஓடாத எதையும் நான் கோலாலம்பூருக்கு அனுப்புவதில்லை.

தம்பி ஒருவர், சுருக்கமாக: சத்தம் வரமாட்டேங்குது அண்ணே.

விரல் படாமல் பிரவுசர் சத்தம் போட விடாது. "தொடங்கு" பொத்தான் வைத்து, அதைத் தட்டும்போது ஒலியைத் திறந்துவிடுங்கள். அந்தப் பொத்தான் எல்லா கேமிலும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயர் வேண்டாம் என்றவர்: ஆன்லைன் போட்டிகளில் முதலிடத்தில் நம்ப முடியாத மார்க் வருகிறதே, எப்படி?

நீங்கள் கேட்கிற தொனியே சரியில்லை! சரி, சொல்கிறேன். மார்க்கைக் கணக்குப் போடுவது உங்கள் பிரவுசர். முடிந்ததும் "இவர் 4,200 எடுத்தார்" என்று போட்டி நடத்துபவரின் கணினிக்கு, அதாவது சர்வருக்குச் சொல்கிறது. எஃப்12 விசையைத் தட்டி பிரவுசரின் உள்வேலையைப் பார்க்கத் தெரிந்த பையன் அந்தச் செய்தியை எடுத்து 9,99,999 என்று மாற்றி அனுப்பிவிடுவான். மார்க்கை மறைகுறியாக்கி அனுப்பினால் போதும் என்று சில விளம்பர ஏஜென்சிகள் நினைக்கிறார்கள். அந்தக் குறியீட்டின் சாவியும் பிரவுசருக்குள்தானே இருக்கிறது. கதவைப் பூட்டிச் சாவியை அதிலேயே தொங்கவிட்டது மாதிரி.

செய்ய வேண்டியது வேறு. ஆட்டம் தொடங்கும்போது சர்வர் ஒரு அடையாள எண்ணும், எதிரிகள் எந்த வரிசையில் வருவார்கள் என்பதற்கான விதை எண்ணும் கொடுக்கும். பிரவுசர் மார்க்கை அனுப்பாமல், எந்த நொடியில் எங்கே தட்டினார் என்ற பதிவை அனுப்பும். சர்வர் அதே ஆட்டத்தைத் தானே மறுபடி ஓட்டி மார்க் போடும். சின்ன பட்ஜெட்டில் இது முடியாவிட்டால், 40 விநாடி ஆட்டம் என்றால் அதில் அதிகபட்சம் எவ்வளவு எடுக்க முடியும் என்று கணக்கிட்டு, அதைத் தாண்டியதை ஒதுக்குங்கள். முன்னணியில் உள்ளவர்களை மனிதர் ஒருவர் பார்த்த பிறகே பரிசு அறிவியுங்கள்.

இதிலேயே இன்னொருவர் கேட்டிருந்தார்: மார்க் எடுத்த பிறகும் "இந்தப் பொருளை நான் விரும்புவதற்குக் காரணம்..." என்று வாசகம் எழுதச் சொல்வது ஏன் என்று. வெறும் அதிர்ஷ்டத்தால் பரிசு கொடுத்தால் மலேசியாவின் 1952-ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளலாம். திறமையும் இருக்கிறது என்று காட்டத்தான் கேள்வியும் வாசகமும்.

ஓர் அம்மா: பையன் கேமில் பெயர், போன் நம்பர், ஐசி (அடையாள அட்டை) நம்பர் எல்லாம் கேட்கிறது. கொடுக்கலாமா?

ஐசி நம்பர் கொடுக்காதீர்கள் அக்கா. விளையாட அது தேவையே இல்லை. வென்றவரைச் சரிபார்க்கும்போது கேட்டால் போதும். நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் வந்து 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் 13 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குத் தனி விதி இருக்கிறது. ஹாலிவுட் பாத்திரங்களை வைத்து இங்கே வேலை செய்தாலும் அவற்றின் உரிமையாளர்கள் அந்த விதியைக் கேட்பார்கள். நான் சிறுவர் கேம் என்றால் புனைபெயர் மட்டும் கேட்கிற மாதிரிதான் எழுதுவேன்.

படிவம் ஐந்து மாணவி: டிவி கார்ட்டூன் பாத்திரத்தை வைத்து கேம் செய்தேன். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டலாமா?

வேண்டாம் தங்கச்சி. அந்தப் பாத்திரம் அவர்கள் சொத்து. அடுத்தவர் உரிமையை நீ எப்படி மதிக்கிறாய் என்பதைத்தான் பிராண்ட் ஸ்டூடியோ முதலில் பார்க்கும். அதே கேமில் நீயே வரைந்த ஒரு மூசாங்கை (மரநாயை) வைத்துவிடு. இன்னும் நன்றாக இருக்கும்.

கடைக்காரர் ஒருவர்: பாத்திரத்தின் உரிமையாளர்கள் கொடுக்கிற ஒப்புதல் எல்லாம் ரொம்பக் கஷ்டமாமே?

பொறுமை வேண்டும். பாத்திரத்தோடு ஒரு பாணிக் கையேடு வரும். முகத்தை எந்தப் பக்கம் திருப்பலாம், லோகோவைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும், எந்தச் சிவப்பு, என்ன பேசக் கூடாது எல்லாம் அதில் இருக்கும். பென்சில் ஓவியம், வண்ணம், அசைவு, முடிந்த கேம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி ஒப்புதல். ஹீரோ கீழே விழலாம், ஆனால் அடிபட்ட மாதிரி தெரியக் கூடாது என்று வரும். பென்சில் ஓவியத்திலேயே மாற்றம் கேட்டுவிட்டால் ஒரு மணி நேர வேலை, கடைசியில் கேட்டால் ஒரு வார வேலை.

தீபாவளி வந்தால் எல்லா ஏஜென்சிக்கும் கோலமும் முறுக்கும் மயிலும்தான் தோன்றும். வேறு யோசனை கொடுத்துப் பார்க்கிறேன். தலையாட்டுவார்கள், கடைசியில் மயில்தான் வரும்.

ஒரு அண்ணன்: காசு விஷயம் எப்படி?

வணிகங்களைப் பதியும் அரசு அமைப்பான எஸ்எஸ்எம்மில் பதிந்துகொள்ளுங்கள், சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் என்றால் 60. பாதி முன்பணம் இல்லாமல் தொடங்காதீர்கள். ஓர் இடத்தில் எனக்கு மீதிப் பணம் வர அடுத்த தீபாவளி ஆகிவிட்டது. ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கவனியுங்கள்: நம் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், சொல்லிச் செய்வித்த வேலையின் பதிப்புரிமை செய்வித்தவருக்கே போகும். நீங்கள் எல்லா வேலைக்கும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் நிரல் இருக்கும் அல்லவா, அது உங்களுடையது என்று தனியாக எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, தமிழ் ஆர்வலர் ஒருவர்: கேமில் தமிழ் எழுத்து ஏன் உடைந்து உடைந்து வருகிறது?

பல கேம் எஞ்சின்கள் (கேம் செய்யும் மென்பொருள்கள்) எழுத்தை ஆங்கிலம் மாதிரி ஒவ்வொன்றாக வரிசையில் ஒட்டுகின்றன. "கொ" மாதிரி எழுத்தில் கொம்பு முன்னே, கால் பின்னே வர வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியாது. யூனிட்டியின் எழுத்து வரையும் பகுதியான டெக்ஸ்ட்மெஷ் புரோவில் இந்தத் தொல்லை உண்டு. கோடோ 4 என்ற எஞ்சின் சரியாக வரையும். வெப்பில் பிரவுசரே எழுத்தை வரைவதால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. வசனத்தை எழுத்தெழுத்தாகத் தோன்ற வைக்கும்போது மட்டும் யூனிகோடு குறிகளாக (கணினி எழுத்தைச் சேமிக்கும் துண்டுகளாக) வெட்டாமல் முழு எழுத்தாக வெட்டுங்கள், அதற்கு இன்டில்.செக்மென்டர் (Intl.Segmenter) என்ற வசதி ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. பொத்தான் அகலத்தைத் தமிழை வைத்தே அளந்துகொள்ளுங்கள், மலாயும் ஆங்கிலமும் சீனமும் அதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.