காட்டோரம் தேக்கு வெட்டினால் யானைக்குப் பாதிப்பா?

இலங்கையின் கந்தளாய்ப் பக்கம் தேக்கந்தோட்டம் வெட்டினால் சோமாவதி தேசியப் பூங்கா யானைகளுக்குப் பாதிப்பு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது.

இயற்கைக் காட்டில் மரம் வெட்ட 1990 முதல் தடை. சட்டப்படி வெட்டுவது நட்டு வளர்த்த தோட்டங்களைத்தான். தேக்கு நிழலில் யானைக்குத் தீனி குறைவு. ஆனால் வெட்டிய வெளியில் மாரி மழை விழுந்ததும் புல்லும் செடியும் தழைக்கும், யானை தேடி வரும். அந்த வெளி வயலுக்கும் வீட்டுக்கும் பக்கத்தில் என்றால் மோதல்தான். அதனால் ஒரேயடியாக மொட்டையடிக்காமல் துண்டு துண்டாக வெட்டி, யானை நடக்கும் பாதையை விட்டுவிட வேண்டும்.

அப்புறம், இடையில் நிற்கும் பாலை மரத்தைத் தொடவே கூடாது. மிக மெதுவாக வளரும் மரம் அது. அதன் பழத்தைத் தேடிக் கரடி வரும். முதிர்ந்த மரத்தின் பொந்தில் இருவாட்சிப் பறவை முட்டையிடும்.