மூன்றடி தூரமும் அலைபாயும் மனமும்

கேள்வி: பயிற்சியின்போது மூன்றடி தூரத்திலிருந்து பந்தை அநாயாசமாகக் குழியில் போட்டுவிடுகிறேன். கோல்ஃப் போட்டி என்று வந்துவிட்டால், அதே தூரத்தில் 'தவறவிடாதே' என்று மனம் நச்சரிக்கிறது, கை இறுகிவிடுகிறது. மனத்தை அடக்க வழி உண்டா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அடக்க முயலாதீர்கள், அந்த முயற்சியே இன்னொரு சிந்தனையாகிவிடும். மனத்துக்கு ஒரு சிறு வேலை கொடுப்பதே பலன் தரும். கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த ஆட்டக்காரர்கள் பட்டரை (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டையை) அசைப்பதற்கு முன்பே பார்வையைப் பந்தின் மீது நிலைநிறுத்துகிறார்கள் என்பதும், மற்றவர்களின் கண்கள் அங்குமிங்கும் அலைகின்றன என்பதும் தெரியவந்தன. நீங்களும் பந்தின் மேற்பரப்பில் உள்ள சிறு பள்ளங்களில், பின்புறம் இருக்கும் ஒன்றே ஒன்றைத் தேர்ந்து, இரண்டு விநாடி அதையே பாருங்கள். அடித்த பிறகும் தலையைத் தூக்காமல், பந்து இருந்த புல்லின் மீதே பார்வையை வைத்திருங்கள். பந்து குழியில் விழுவதைக் காது சொல்லட்டும்.

சரிவு எப்படி, வேகம் எவ்வளவு என்ற கணக்கையெல்லாம் பந்துக்குப் பின்னால் நிற்கும்போதே முடித்துவிட வேண்டும். பந்தருகே வந்து நின்ற பின் சந்தேகம் எழுந்தால், கூச்சப்படாமல் விலகிப்போய் முதலிலிருந்து தொடங்குங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1970-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டியின் கடைசிக் குழியில், ஏறத்தாழ மூன்றடியிலிருந்து பந்தைப் போட்டால் அமெரிக்க ஆட்டக்காரர் டக் சாண்டர்ஸுக்குப் பட்டம் என்ற நிலை. பந்து செல்லும் தடத்தில் ஏதோ கிடப்பதாகத் தோன்றவே குனிந்து அதை அகற்றியவர், விலகி நின்று மறுபடி தொடங்காமல் அப்படியே அடித்தார். பந்து குழியின் வலப்பக்கமாக நழுவிச் சென்றது. அதனால் ஜாக் நிக்லஸுடன் சமநிலையில் முடித்தவர், மறுநாள் நடந்த கூடுதல் ஆட்டத்தில் அவரிடம் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் தோற்றார்.

கேள்வி: ஒரு குழியில் சொதப்பினால், அந்தக் கோபம் அடுத்த குழிகளிலும் தொடர்கிறதே?
- அதே வாசகர்

பதில்: பதினெட்டுக் குழிகளை ஆடி முடிக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகிறது, அதில் பந்தை அடிக்கும் நேரம் சில நிமிடங்களே. நான்கு மணி நேரமும் மனத்தைக் குவித்து வைத்திருக்க யாராலும் இயலாது. நடக்கும்போது மரங்களைப் பாருங்கள், மட்டைப் பையைச் சுமந்து உடன்வரும் உதவியாளரான கேடியிடம் வேறு ஏதாவது பேசுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதற்குச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டால் இதயத்துடிப்பு தணியும். அடுத்த அடியைப் பற்றிய யோசனையைப் பந்தை நெருங்கிய பிறகு தொடங்கினால் போதும்.