பதில்: 40,000 படங்களைப் பிரதி எடுக்காமல் பிவிகோவில் காட்டுவது

வணக்கம். ஆண்டுவாரியாகக் கோப்புறைகளில் அடுக்கிய படங்களை உலாவி வழியே பிவிகோவில் (படத்தொகுப்புகளை இணையத்தில் காட்டும் மென்பொருள்) ஏற்றினால் வட்டில் இரட்டிப்பு இடம் போகிறது என்கிறீர்கள். ஏற்றவே வேண்டாம். பிவிகோவின் 'கேலரிஸ்' கோப்புறைக்குள் உங்கள் மூலக் கோப்புறைக்கு ஒரு குறியீட்டு இணைப்பு (அதுதான், சிம்லிங்க்; பிரதி எடுக்காமல் மூல இடத்தைச் சுட்டும் குறுக்குவழி) வைத்துவிட்டு, நிர்வாகப் பக்கத்தில் ஒத்திசைவை (கோப்புறையில் இருக்கும் படங்களைப் பிவிகோ தன் பட்டியலில் சேர்க்கும் வேலை) ஓட்டுங்கள். படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். இணையச் சேவையகத்திற்கு அந்தக் கோப்புறையைப் படிக்கும் அனுமதி போதும். எழுதும் அனுமதியை நான் கொடுக்கவே மாட்டேன்.

சிக்கல் பெயர்களில்தான் வரும். 'ஊட்டி 2009' போலத் தமிழ் எழுத்தோ இடைவெளியோ உள்ள பெயர்களை ஒத்திசைவு இயல்பாக ஏற்காது. ஆங்கில எழுத்து, எண், கோடு, அடிக்கோடு, புள்ளி மட்டுமே செல்லும். அமைப்புக் கோப்பில் இந்த விதியைத் தளர்த்தலாம். ஆனால் பெயர்களை மாற்றுவதே நல்லது, அதையும் முதல் ஒத்திசைவுக்கு முன்பே. பிறகு மாற்றினால் பழைய படம் நீங்கிவிட்டது, புதியது வந்திருக்கிறது என்று பிவிகோ கருதும். இட்ட குறிச்சொற்களும் கருத்துகளும் போய்விடும். ஆல்பத் தலைப்பை மட்டும் உள்ளே தமிழில் எழுதிக்கொள்ளலாம்.

முதலில் ஒரே ஓர் ஆண்டை வைத்து, 'பாவனை' தெரிவுடன் (எதையும் மாற்றாமல், என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும்) ஓட்டிப் பாருங்கள். சிறுபடங்கள் முதல்முறை பார்க்கும்போதுதான் உருவாகும். தொடக்க மந்தம் கோளாறு அல்ல.