முகாம் முடிந்த திங்கட்கிழமை

வணக்கம் சார்,

லாஸ் ஏஞ்சல்ஸில் பதினோரு வருடமாக இருக்கிறேன். மென்பொருள் வேலை. பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும் லத்தீனோ (மெக்சிகோ போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளின் வம்சாவளி) பிள்ளைகளுக்கு எங்கள் அலுவலகம் சனிக்கிழமைகளில் தலைமைப் பண்புப் பயிற்சி நடத்துகிறது. நானும் போகிறேன். உண்மையைச் சொன்னால், ஆண்டு மதிப்பீட்டில் ஒரு வரி சேருமே என்றுதான் முதலில் போனேன்.

மேடையில் பேசுவது, கைகுலுக்குவது, சுயவிவரம் எழுதுவது என்று சொல்லிக்கொடுக்கிறோம். போன வாரம், "நீங்கள் எதையாவது பொறுப்பெடுத்து நடத்தியதுண்டா?" என்று கேட்டோம். கால்பந்து அணி, மாணவர் மன்றம் என்று சிலர் சொன்னார்கள். ஒரு பையன் மட்டும் இல்லை என்று தலையாட்டினான். மதியம் பீட்சா சாப்பிடும்போதுதான் தெரிந்தது, அவன் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். டாக்டர் சொல்வதை அம்மாவுக்கு ஸ்பானிஷில் சொல்வது, காப்பீட்டுக் கம்பெனியோடு போனில் மல்லுக்கட்டுவது எல்லாம் அவன்தான். வயது பதினைந்து.

அன்றிலிருந்து ஒரே குழப்பம். இந்த மாதிரிப் பயிற்சியால் உண்மையில் ஏதாவது நடக்குமா? பெற்றோர் கூட்டம் போட்டால் நாலு பேர்கூட வருவதில்லை. அபார்ட்மெண்டில் இருக்கும் நம் நண்பர்கள், "அவங்களுக்குப் படிப்புல அக்கறை கிடையாது, விடுங்க" என்கிறார்கள். பயணக் கட்டுரை ஒன்றில் நீங்கள் இந்த ஊரில் அவர்கள் அதிகம் வாழும் பாயில் ஹைட்ஸ் பகுதிக்குப் போனதை எழுதியிருந்தீர்கள். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

கே.

*

அன்புள்ள கே.,

மதிப்பீட்டு வரிக்காகப் போனதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். நல்லது. பாதிப் பேர் எந்த நல்ல காரியத்துக்கும் அப்படித்தான் போய்ச் சேர்கிறார்கள். அப்புறம் ஒரு பையன் பீட்சாவைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ சொல்லிவிடுகிறான்.

முதலில் உங்கள் நண்பர்கள். நம்மவர்களை அந்த நாடு எச்1பி விசாவில் கூப்பிட்டது பட்டத்தைப் பார்த்து. மெக்சிகோக்காரர்களைக் கூப்பிட்டது கையைப் பார்த்து. உவமையாகச் சொல்லவில்லை. 1942 முதல் 1964 வரை இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்டு நடத்திய பிரசேரோ திட்டம் என்று ஒன்று இருந்தது. 'பிரசோ' என்றால் ஸ்பானிஷில் கை. ஆள் எடுக்கும் மையங்களில் உள்ளங்கையைத் திருப்பி, காய்ப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். மெத்தென்று இருந்தால் விவசாய வேலைக்கு லாயக்கில்லை. அப்படி சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள். ஒரு பக்கம் பட்டதாரிகளை மட்டும் சலித்து எடுத்து விமானம் ஏற்றுவது, இன்னொரு பக்கம் காய்ப்பேறிய கைகளை மட்டும் பொறுக்கி லாரி ஏற்றுவது. பிறகு இருவரின் பேரப்பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்து மதிப்பெண்ணை ஒப்பிடுவது. இதில் அக்கறை எங்கே வருகிறது? தவிர, அவர்களில் சிலருடைய முன்னோர்கள் எங்கிருந்தும் வந்தவர்களே இல்லை. 1848 வரை கலிஃபோர்னியா மெக்சிகோவில்தான் இருந்தது. நண்பர்கள் குடியிருக்கும் ஊரின் பெயர் எந்த மொழி என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகள் 21 வயதானால் பெற்றோரின் விசாவிலிருந்து விழுந்துவிடுகிறார்கள் அல்லவா? சின்ன வயதில் வந்து ஆவணமில்லாமல் வளர்ந்தவர்களை நாடு கடத்தாமல் விடும், 2012-ல் வந்த டாக்கா ஏற்பாடு அவர்களைக் காப்பாற்றாது, ஏனென்றால் அவர்கள் சட்டப்படி இருந்தவர்கள். அந்தப் பிள்ளைகள் இன்று தங்களை 'ஆவணமுள்ள ட்ரீமர்கள்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். ட்ரீமர் என்ற பெயரே, பெரும்பாலும் லத்தீனோக்களான ஆவணமில்லாத மாணவர்கள் வளர்த்த இயக்கத்திலிருந்து எடுத்தது. 2010 புத்தாண்டு அன்று மியாமியிலிருந்து நாலு மாணவர்கள் வாஷிங்டனுக்கு நடக்கத் தொடங்கினார்கள். 1,500 மைல். வழியில் யார் பிடித்தாலும் நாடு கடத்தலாம் என்ற நிலையில் இருந்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் போட்ட பாதையில்தான் நம் பிள்ளைகளும் நடக்கிறார்கள்.

சரி, உங்கள் கேள்வி. பயிற்சி முகாமால் ஏதாவது நடக்குமா? நடந்திருக்கிறது, உங்கள் ஊரிலேயே.

1963-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் மனித உறவுகள் ஆணையம் மெக்சிக வம்சாவளி மாணவர்களுக்கு ஒரு வார இறுதி முகாம் நடத்தியது. இடம் மாலிபு. ஒரு யூத வழிபாட்டு மன்றத்துக்குச் சொந்தமான கேம்ப் ஹெஸ் கிராமர். (2018-ல் வந்த வூல்சி காட்டுத்தீயில் அது எரிந்துபோனது.) அதிகாரிகள் எதிர்பார்த்தது ஏறக்குறைய உங்கள் அலுவலகம் எதிர்பார்ப்பதைத்தான்: பிள்ளைகள் படிப்பை விடக்கூடாது, கும்பல்களில் சேரக்கூடாது, நல்ல குடிமக்களாக வளர வேண்டும். முகாம் ஆண்டுதோறும் தொடர்ந்தது. சொற்பொழிவுகள் எல்லாம் இருந்தன. ஆனால் விஷயம் நடந்தது அங்கே இல்லை, பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது.

எல்லாரும் வெவ்வேறு பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். எங்கள் பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் தண்டனை என்று ஒருத்தி சொன்னால், எங்கள் பள்ளியிலும்தான் என்பான் இன்னொருவன். மதிய இடைவேளையில் கழிவறையைப் பூட்டிவைப்பது. தப்பு செய்தால் துடைப்பத்தைக் கொடுத்துப் பெருக்க வைப்பது. கல்லூரி என்று வாயெடுத்தால், பையனுக்குப் பட்டறை வேலை, பெண்ணுக்குத் தட்டச்சு என்று ஆலோசகர் திருப்பிவிடுவது. அதுவரை ஒவ்வொருவரும் தனக்கு மூளை போதாது, தன் வீடு சரியில்லை என்றுதான் நினைத்திருந்தார்கள். ஒரே தண்டனை ஐந்து பள்ளியிலும் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

அந்த முகாமில் அவர்களோடு உட்கார்ந்தவர் சால் காஸ்ட்ரோ என்ற ஆசிரியர். பெல்மான்ட் உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது, மாணவர் தேர்தலில் மெக்சிகப் பிள்ளைகளை நிற்கச் சொல்லி, மேடையில் கொஞ்சம் ஸ்பானிஷிலும் பேசுங்கள் என்று தூண்டிவிட்டார். அந்தப் புண்ணியத்தில் லிங்கன் பள்ளிக்கு மாற்றப்பட்டார். 1968 மார்ச்சில் அந்த லிங்கன் உட்பட கிழக்குப் பகுதிப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வகுப்பை விட்டு வெளியே நடந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருந்தது. அன்றாட வருகைப் பதிவை வைத்துத்தான் பள்ளிக்கு மாநிலப் பணம் வரும். பெஞ்சு காலியானால் கல்லா காலி. ஸ்பானிஷுக்குத் தண்டனை கூடாது, மெக்சிக அமெரிக்க வரலாறு பாடத்தில் வேண்டும், கழிவறையைத் திறந்துவை. இவைதான் கோரிக்கைகள். முன்னால் நின்ற லிங்கன் பள்ளி மாணவி பௌலா கிரிசோஸ்டோமோ, கல்லூரியிலிருந்து வந்து துணைநின்ற விக்கி காஸ்ட்ரோ, மொக்டெசூமா எஸ்பார்சா எல்லாரும் மாலிபு முகாமுக்குப் போய் வந்தவர்கள். விக்கி பிற்பாடு, தான் எதிர்த்து நின்ற அதே பள்ளி வாரியத்துக்குத் தேர்தலில் ஜெயித்துப் போனார். எஸ்பார்சா திரைப்படத் தயாரிப்பாளர் ஆனார்.

பாயில் ஹைட்ஸ் போனபோது அங்குள்ள ரூஸ்வெல்ட் பள்ளியின் வேலிக்கு வெளியே நான் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். 1968-ல் போலீஸ் பிள்ளைகளை அடித்த இடங்களில் அதுவும் ஒன்று. நான் போன அன்று உள்ளே யாரோ ட்ரம்பெட் பழகிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது கவனியுங்கள். 1963-க்கும் 1968-க்கும் நடுவில் ஐந்து வருடம். வார இறுதி முகாம் தானாக எதையும் செய்துவிடவில்லை. லிங்கன் ஹைட்ஸில் ஜான் லூஸ் என்ற பாதிரியார் தன் தேவாலயத்தின் நிலவறையைத் திறந்துவிட்டார். இயக்கத்தின் செய்தித்தாள் அங்கேதான் தயாரானது. பிள்ளைகள் தாங்களே ஒரு காபிக்கடை திறந்து, அதில் கூடிப் பேசினார்கள். வெளிநடப்புக்குப் பிறகு 13 பேர் மீது சதி வழக்குப் போட்டார்கள். அதில் காஸ்ட்ரோவும் ஒருவர். 1970-ல் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளியது. நடுவில் அவரை வகுப்பறையிலிருந்து வெளியேற்றினார்கள். அவரைத் திரும்ப எடுக்கும்வரை நகர மாட்டோம் என்று பள்ளி வாரியக் கூட்ட அறையில் ஏறக்குறைய ஒரு வாரம் மக்கள் உட்கார்ந்தார்கள். 35 பேர் கைதான பிறகு அவரை எடுத்துக்கொண்டார்கள். உட்கார்ந்தவர்களில் பெற்றோரும் இருந்தார்கள். உங்கள் நண்பர்கள் சொல்லும் அந்த 'அக்கறை கிடையாத' பெற்றோர்தான்.

சமூக ஆதரவு என்று உங்கள் கம்பெனி அறிக்கையில் ஒரு சொல் வரும். அன்றைக்கு அதன் பொருள் ஒரு நிலவறைச் சாவி, ஜாமீன் பணம், தரையில் படுக்கத் தயாரான பெரியவர்கள். பிள்ளைகள் சனிக்கிழமை கண்டுபிடித்ததைத் திங்கட்கிழமை பள்ளியில் போய்ச் சொன்னால் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்பதுதான் கேள்வி. கைகுலுக்கக் கற்றுக்கொடுப்பதில் தப்பில்லை, நேர்முகத்தில் உதவும். ஆனால் அதற்குத் தலைமைப் பயிற்சி என்று பேர் வைப்பது கொஞ்சம் ஜாஸ்தி.

எனக்கு இந்தத் திட்டங்கள் பலவற்றின் மேல் உள்ள புகார் வேறு. விண்ணப்பத்தை அழகான ஆங்கிலத்தில் நிரப்பும் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது எப்படியும் மேலே வந்துவிடும் பிள்ளை. அதற்கு டி-ஷர்ட் கொடுத்து, மேடையேற்றி, 'உன் தெருவிலிருந்து தப்பித்து வந்துவிட்டாய்' என்று கைதட்டுகிறார்கள். சான் ஹோசேயில் மெக்சிகர்கள் வாழ்ந்த ஒரு பேட்டையின் பெயரே 'சால் சி புவேதெஸ்'. முடிந்தால் வெளியேறு என்று பொருள். தார் போடாத தெருக்கள், மழை பெய்தால் வண்டி சேற்றில் மாட்டிக்கொள்ளும். 1952-ல் ஃபிரெட் ராஸ் என்ற அமைப்பாளர் அங்கே வந்து ஒரு 25 வயது இளைஞரைப் பிடித்தார். இங்கிருந்து தப்பித்துப் போ என்று சொல்லவில்லை. இந்தத் தெருவில் வாக்காளர்களைப் பதிவு செய்யலாம் வா என்றார். அந்த இளைஞர்தான் பின்னாளில் விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவரான சேசர் சாவேஸ்.

டெக்சாஸில் கிரிஸ்டல் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். கீரை விளைச்சலுக்குப் பேர்போனது, ஊர் நடுவில் கீரை தின்னும் கார்ட்டூன் மாலுமி பாப்பாய்க்குச் சிலையே உண்டு. 1969-ல் அங்கே பள்ளியில் பெரும்பான்மை மெக்சிகப் பிள்ளைகள். ஆனால் விளையாட்டுப் போட்டிகளில் ஆடிப்பாடி உற்சாகப்படுத்தும் சியர்லீடர் குழுவில் அவர்களுக்கு ஒரே ஒரு இடம்தான் என்று எழுதப்படாத விதி. கேட்கச் சிரிப்பாக இருக்கும். செவெரிட்டா லாரா என்ற மாணவிக்குச் சிரிப்பு வரவில்லை. டிசம்பரில் தொடங்கிய வகுப்புப் புறக்கணிப்பு ஜனவரி வரை நீடித்தது. மூன்று மாணவர்கள் வாஷிங்டன் வரை போய் செனட்டர்களைப் பார்த்தார்கள். பள்ளி வாரியம் இறங்கிவந்தது. சில மாதங்களில் நடந்த தேர்தலில் வாரியமே கைமாறியது. லாரா பின்னாளில் அந்த ஊரின் மேயர்.

நியூயார்க்கில் அன்டோனியா பன்டோஹா 1961-ல் தொடங்கிய அஸ்பிரா என்ற மாணவர் அமைப்பும் இந்த வகைதான். 1944-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர். பள்ளிக்குப் பள்ளி மாணவர் மன்றங்கள் அமைத்தார். அதே அமைப்புதான் பிறகு நகரக் கல்வி வாரியத்தின் மேல் வழக்குப் போட்டு, ஆங்கிலம் போதாத பிள்ளைகளுக்கு ஸ்பானிஷிலும் பாடம் நடத்த வேண்டும் என்று 1974-ல் எழுதி வாங்கியது. வெறும் மேடைப் பேச்சுப் பயிற்சியாக இருந்திருந்தால் நீதிமன்றம் வரை போயிருக்காது.

உங்கள் பையனுக்கு வருகிறேன். அவன் தலையாட்டியது அடக்கத்தால் இல்லை. அம்மாவுக்காகப் பேசுவது அவனுக்கு மூச்சுவிடுவது மாதிரி, அதை யாராவது தலைமை என்று சொல்வார்களா என்று தோன்றியிருக்காது. ஆனால் அவனைப் பாராட்டி ஒரு சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. பதினைந்து வயதுப் பையன் தன் அம்மாவின் சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைத் தன் வாயால் அம்மாவிடமே சொல்கிறான். அது பாராட்டி முடிக்கிற விஷயமா?

அடுத்த சனிக்கிழமை சுயவிவரப் பாடத்தைத் தள்ளிவையுங்கள். உங்களில் எத்தனை பேர் வீட்டுக்காரர்களுக்காக ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். நிறையக் கைகள் உயரும் என்று நினைக்கிறேன். அப்புறம் அவர்களையே பேசவிடுங்கள். கடைசியில் ஒரு தகவலைச் சொல்லுங்கள்: மத்திய அரசுப் பணம் வாங்கும் ஆஸ்பத்திரி, மொழி தெரியாத நோயாளிக்கு இலவசமாக மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்ய வேண்டும். அவசர நிலை தவிர, சின்னப் பிள்ளைகளை நம்பி ஓட்டக்கூடாது. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அதன் பிறகு அந்த அறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஏதாவது செய்யலாம் என்று அவர்கள் கிளம்பினால், திங்கட்கிழமை நீங்கள் லீவு போட வேண்டியிருக்கும். உங்கள் கம்பெனிக்குப் பிடிக்காமலும் போகலாம். மதிப்பீட்டு வரி போனாலும் போகும்.

பெற்றோர் கூட்டம்: எத்தனை மணிக்கு, எந்த மொழியில் போடுகிறீர்கள்? சாயங்காலம் ஆறு மணிக்கு ஆங்கிலத்தில் என்றால், ரெண்டாவது வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் புரியாத மொழியில் கூப்பிடுகிறீர்கள் என்று அர்த்தம். ஃபிரெட் ராஸ் மண்டபம் பிடிக்கவில்லை. ஒரு வீட்டின் முன்னறையில் பத்துப் பேர், அடுத்த நாள் அடுத்த வீடு. அதைச் செய்யுங்கள். டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து அந்தப் பையன் வீட்டிலிருந்தே தொடங்கலாம். போகும்போது ஸ்பானிஷ் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அன்றைக்காவது அவன் மொழிபெயர்க்காமல் சும்மா உட்கார்ந்து கேட்கட்டும்.