வசியம் இல்லாத கந்தருவர்

கடிதம்:

அன்புள்ள ஐயா,

உப்புவெளியில் கூடி டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டும் கதையாட்டம் ஆடுகிறோம். 2014 விதிகள், நான்கு ஆட்டக்காரர், எல்லாரும் 5ஆம் லெவல். நான் டிஎம், அதாவது கதையை நடத்துபவர். காதலன் பிரிந்ததால் ஒல்லாந்தப் பெண் பிரான்சினா கோணேசர் மலையிலிருந்து குதித்த கதையை வைத்து, காதலரைக் காக்கும் வானவர் ஒருவரைக் கொண்டுவந்தேன். சக்கியுபஸ் என்ற மயக்கும் பேயின் கணக்கை (ஆட்ட எண்களை) எடுத்துத் தேவகணம் என்று பெயர் மாற்றினேன். அது வசியம் செய்தபோது எல்லாருக்கும் சங்கடமாகிவிட்டது. சண்டையிலோ எல்லாரையும் அதுவே காப்பாற்றியது. எங்கே பிழை?

வாசகர், திருகோணமலை

பதில்:

அன்புள்ள தம்பி,

வசியத்தில்தான் பிழை. சக்கியுபஸ்ஸிடம் 15க்கு விஸ்டம் சேவ் (மனத்திடத்தால் தப்பும் பகடை வீச்சு) தவறினால் ஒரு நாள் முழுக்க அது சொன்னபடி ஆட வேண்டும். அதற்கு வெள்ளைச் சிறகு ஒட்டினாலும் மருந்து போட்டு மயக்கியவர் வேலைதான். தொல்காப்பியம் களவை (மறைவான காதலை) யாழோர் கூட்டத்தோடு ஒப்பிடுகிறது. யாழோர் என்றால் கந்தருவர், அங்கே இருவரும் தாமாக மனம் ஒத்தவர்கள். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு கதையாட்டத்தில் வரும் லில்லெண்ட், சிறகும் பாம்புடலும் கொண்ட பாடகி, இவர்களுக்குத் தூரத்து உறவு மாதிரி. ஆகவே இருக்கிற பற்றுக்கு உங்கள் வானவர் பலம் சேர்க்கட்டும், இல்லாததை உண்டாக்க வேண்டாம்.

66 எச்பி (உயிர்ப்புள்ளி), 15 ஏசி (காப்பு எண்) அப்படியே இருக்கட்டும். வசியத்தையும் உயிர் உறிஞ்சும் முத்தத்தையும் வெட்டிவிட்டு, வார்டிங் பாண்ட் மந்திரத்தை வையுங்கள். அதற்குத் தலா 50 பொன் மதிப்புள்ள பிளாட்டினம் மோதிரம் இரண்டு வேண்டும் (காதலுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் எது?). வானவர் மோதிரங்களைக் கொடுப்பதோடு நின்றுவிட வேண்டும். மந்திரம் இடுபவர் காதலரில் ஒருவராகவே இருக்கட்டும். மற்றவருக்கு ஏசியிலும் சேவிலும் 1 கூடும், சேதம் பாதியாகும். ஆனால் அவர் வாங்கும் அந்தப் பாதி, இட்டவருக்கும் விழும். காப்பாற்றும் செலவு இப்படி ஆட்டக்காரர் தலையில் வந்துவிடுவதால், வானவர் எல்லாவற்றையும் முடித்துவைக்கும் தொல்லை போய்விடும்.

கணக்கைப் பாருங்கள். ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தின் சேதம் சராசரி 28. சேவ் தவறினால் காக்கப்படுபவருக்கு 14. இட்டவரும் வெடிப்புக்குள் நின்று தவறினால் 28உம் 14உம் சேர்ந்து 42. வார்டிங் பாண்ட் இடும் கிளெரிக் (பூசாரி), கான்ஸ்டிடியூஷன் (உடலுறுதி) 14 உள்ள 5ஆம் லெவல் என்றால், சராசரி எச்பி 38. சுருண்டு விழுவார், பிணைப்பும் அறும். வெடிப்பின் ஆரம் 20 அடி. எனவே இருவரும் 40 அடிக்கு மேல் விலகி, 60ஐத் தாண்டாமல் நிற்க வேண்டும். தாண்டினாலும் பிணைப்பு அறும்.

இங்கே இன்னொன்றைச் சேர்த்தால் ஆட்டம் சூடுபிடிக்கும். 2017இல் வந்த செரிமனி மந்திரத்தில் திருமணம் செய்தவர்கள், 7 நாளைக்கு ஒருவருக்கொருவர் 30 அடிக்குள் நின்றால் ஏசி 2 கூடும். அதற்கு 25 பொன் வெள்ளித்தூள் செலவாகும். துணையை இழந்தவருக்கு மட்டுமே அந்தப் பலன் மறுபடி கிடைக்கும். அம்புக்கு அஞ்சினால் நெருங்க வேண்டும், நெருப்புக்கு அஞ்சினால் விலக வேண்டும். எதிரிகளில் வில்லாளர் மூவரையும் மந்திரவாதி ஒருவரையும் வையுங்கள், மிச்சத்தை அந்தச் சோடியே பேசித் தீர்மானிக்கட்டும்.

பிரான்சினா விஷயம்: 1687 ஏப்ரல் 24இல் அவள் நினைவாக நிறுத்தியது என்றுதான் கோணேசர் மலையில் உள்ள தூணில் இருக்கிறது. குதித்ததாக ஒரு சொல்லும் இல்லை. ஆட்டத்திலும் ஊரார் எல்லாரும் குதித்தாள் என்றே சொல்லட்டும், வானவர் மட்டும் மறுக்கட்டும். ஒல்லாந்த எழுத்தை வாசிக்க 15க்கு ஒரு ஹிஸ்டரி செக் (வரலாற்று அறிவுக்கான பகடை வீச்சு) போதும்.